தெஞ்சாவின் ஒன்பதாம் நம்பர் அட்டை

கேத்தா தன் கொமாத்ரேயைப் பழிவாங்கியே தீருவது என்று முடிவு செய்தது ஒரு கட்டைவிரலைப் பார்த்துத்தான்.

விரல் ஒரு போட்டோவின் ஓரத்தில் இருந்தது. போட்டோ, சான் பாஸ்குவால் பேட்டையின் திருவிழா வாட்ஸ்அப் குழுவில் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து எல்லாரும் தமாலே தின்றுகொண்டிருந்த நேரம் பார்த்து, யாருடையது என்று தெரியாத புது நம்பரிலிருந்து வந்து விழுந்தது. ஆஸ்பத்திரிக் காகிதம். மேலே கேத்தாவின் முழுப்பெயர், வயது நாற்பத்தேழு. கீழே ஒரு வரி: 'படம் பார்த்துப் பெயர் சொல்லுதல், அறுபதுக்கு இருபத்தெட்டு. மிகக் குறைவு.' அதற்கும் கீழே அனுப்பியவரின் கைச்சரக்கு: 'இவங்களா இந்த வருஷம் நமக்குக் கூவப் போறாங்க? சாமிதான் காப்பாத்தணும்.' கூடவே கும்பிடுகிற கைப்பொம்மை இரண்டு.

குழுவில் இருந்த நூற்றுப் பன்னிரண்டு பேரும் இருபத்தெட்டைப் பார்த்தார்கள். கேத்தா மட்டும் விரலைப் பார்த்தாள். நகம் நடுவில் பிளந்திருந்தது. பக்கத்தில் ரொட்டிக்கல்லில் சுட்டுக்கொண்ட பழைய தழும்பு, பூசணி விதை வடிவில். அந்த விரல் பத்தொன்பது வருஷத்துக்கு முன்னால் அவள் மகள் நயேலியின் நெற்றியில் ஞானஸ்நானத் தண்ணீர் துடைத்த விரல். ஓர்தென்சியா என்கிற தெஞ்சாவின் விரல்.

பிள்ளைக்கு ஞானத்தாயாக நின்றவள் கொமாத்ரே. கூடப்பிறந்தவளோடு முடியைப் பிடித்துச் சண்டை போடலாம், பேட்டை வேடிக்கை பார்க்கும். கொமாத்ரேயோடு குரலை உயர்த்தினால் பாதிரியார் வீட்டுக்கே வந்துவிடுவார். 'நீங்க, வாங்க' என்றுதான் பேச வேண்டும். வயிறு எரிந்தாலும் வாய் சிரிக்க வேண்டும். தெஞ்சா இதை நன்றாகத் தெரிந்துவைத்திருந்தாள். அவள் செய்த அத்தனை காரியமும் இந்த மரியாதைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு செய்ததுதான்.

சண்டை எதற்கு என்றால், ஒரு நாற்காலிக்கு. மே மாதம் சான் பாஸ்குவால் திருவிழாவில் ஒன்பது நாளும் கோயில் முற்றத்தில் லொத்தேரியா கூடாரம் போடுவார்கள். ஐம்பத்து நான்கு படச்சீட்டு. சனங்கள் ஆளுக்கு ஓர் அட்டை வைத்துக்கொண்டு உட்காருவார்கள்; அட்டைக்குப் பதினாறு படம். கூவுகிறவர் சீட்டு எடுக்க எடுக்க, தன் அட்டையில் அந்தப் படம் இருந்தால் அதன் மேல் ஒரு பீன்ஸ் விதையை வைக்க வேண்டும். முதலில் அட்டை நிரம்பியவர் 'புவேனாஸ்!' என்று கத்தினால் பரிசு. வேறு பேட்டைகளில் கூவுகிறவர் சீட்டின் பெயரைச் சொல்லிவிடுவார். சான் பாஸ்குவாலில் அது கேவலம். இங்கே கூவுகிறவர் பெயரைச் சொல்லவே மாட்டார். விடுகதை மாதிரி, நக்கல் மாதிரி ஒன்றை எடுத்துவிடுவார். கூட்டம்தான் பெயரைக் கத்த வேண்டும். அந்த நக்கலில் கூடாரத்தில் இருக்கிற யாருடைய தலையும் உருளலாம். உருண்டவர் சிரித்துக்கொள்ள வேண்டும். கோபப்பட்டால் அட்டையைப் பிடுங்கிக்கொண்டு, அந்த வருஷம் பூராவும் கூடாரத்துக்குள் விடமாட்டார்கள். கூவுகிற நாற்காலியும் சேர்த்துத்தான் போச்சு.

அந்த நாற்காலியில் இருபத்திரண்டு வருஷம் கேத்தாதான் இருந்தாள். மேயர் மனைவியின் சவுரி முடியைக் கூவியிருக்கிறாள். மேயர் மனைவி சிரித்துக்கொண்டே விதை வைத்திருக்கிறாள்.

வலிப்பு அவளுக்குச் சின்ன வயசிலிருந்தே உண்டு. விழுந்து வெட்டிக்கொள்கிற வகை இல்லை. முதலில் கருகின சர்க்கரை வாசனை வரும். அப்புறம் கண் ஓரிடத்தில் நிலைத்துப்போகும், உதடு சப்புக்கொட்டும், விரல் துணியைப் பிசையும். இரண்டு நிமிஷம். முடிந்ததும் எங்கே இருக்கிறோம் என்று தெரியாது. மாத்திரைகள் மாறின, மாத்திரைகளின் நிறம் மாறியது, வலிப்பு மாறவில்லை. மூன்று வருஷத்துக்கு முன்னால் திருவிழாவின் நாலாம் நாள், கூவிக்கொண்டிருந்தபோதே வந்தது. கையில் இருந்த சீட்டை மென்றுகொண்டிருந்தாள். முன்வரிசையில் இருந்த தெஞ்சா எழுந்துவந்து, அவள் வாயிலிருந்து சீட்டை உருவி, கையிலிருந்த கட்டையும் உருவி, "பாவம், என் கொமாத்ரேக்கு முடியல. மிச்சத்த நான் பாத்துக்கறேன்" என்று நாற்காலியில் உட்கார்ந்தாள். கேத்தாவுக்குத் தெளிந்தபோது அவள் தரையில் இருந்தாள். பக்கத்தில் யாரோ ஒரு டம்ளர் சர்க்கரைத் தண்ணீர் வைத்திருந்தார்கள். தெஞ்சா பெயர்களை வரிசையாக வாசித்துக்கொண்டிருந்தாள். சேவல். ஏணி. தவளை. பள்ளிக்கூடத்தில் ஆஜர் எடுப்பதுபோல.

அன்றைக்கு உட்கார்ந்தவள்தான், எழுந்திருக்கவில்லை.

போன வருஷம் தலைநகரத்து ஆஸ்பத்திரியில் கேத்தாவின் இடது நெற்றிப்பொட்டுக்குப் பின்னால் திறந்து, நெல்லிக்காய் அளவு எடுத்தார்கள். சின்ன வயசுக் காய்ச்சலில் வந்த வடு என்றார்கள். டாக்டர் முன்னாலேயே சொல்லியிருந்தார்: "வலிப்பு நிக்க நிறைய வாய்ப்பிருக்குங்க. ஆனா அந்தப் பக்கம்தான் வார்த்தைங்க குடியிருக்கு. சிலது வீட்ட காலி பண்ணிட்டுப் போகலாம்." கேத்தா கையெழுத்துப் போட்டாள். "போறது போகட்டும் டாக்டர். வாடகை கொடுக்காததுங்கதான் போகும்" என்றாள்.

வலிப்பு நின்றது. பதினான்கு மாதத்தில் ஒன்றுகூட வரவில்லை. வீட்டுக்கு வந்து அவள் செய்த முதல் காரியம், குளியலறைக் கதவுக்குத் தாழ்ப்பாள் வாங்கி மாட்டியது. நாற்பத்தைந்து வருஷமாக யாராவது வெளியே நின்று "இருக்கியா? இருக்கியா?" என்று கேட்கக் கேட்கக் குளித்தவள். தாழ்ப்பாளைப் போட்டுக்கொண்டு ஒன்றரை மணி நேரம் குளித்தாள். கேஸ் தீர்ந்தது. நயேலி திட்டவில்லை. அப்புறம் தனியாக அடுப்பு மூட்டினாள், தனியாகச் சந்தைக்குப் போனாள், ரோட்டைக் கடந்து அந்தப் பக்கம் போய், வேலை ஒன்றும் இல்லாமல் மறுபடி இந்தப் பக்கம் வந்தாள்.

ஆனால் வார்த்தைகள் போனது உண்மை. எல்லாம் இல்லை. திடீரென்று ஒன்று. சாமான் கண்ணெதிரே இருக்கும், அது என்ன செய்யும், யார் வீட்டில் எத்தனை இருக்கிறது, எல்லாம் தெரியும். பெயர் மட்டும் நாக்கு நுனிவரை வந்து, படி வழுக்கி, கீழே போய்விடும்.

வருஷப் பரிசோதனைக்கு நயேலிக்கு பேக்கரியில் லீவு கிடைக்கவில்லை. "நான் எதுக்கு இருக்கேன்?" என்று தெஞ்சா கூட வந்தாள். பஸ்ஸில் தோளில் சாய்த்துக்கொண்டாள். அங்கே மூளைப் பரீட்சை வைக்கிற சின்னப் பெண் ஒருத்தி படம் படமாகக் காட்டினாள்.

"இது என்னங்க?"

"தேவதைங்க வீட்ல இருக்கும், தூசி தட்ட ஆளிருக்காது."

"பேரு சொல்லுங்கம்மா."

"யாழ்."

"பேர மட்டும் சொன்னாப் போதும். இது?"

"மாமியார் வந்து உக்காந்தா நல்லா இருக்கும்னு தோணும்."

கள்ளிச்செடி. இதற்குப் பெயர் வந்ததா வரவில்லையா என்று அவளுக்கே தெரியவில்லை. இருபத்திரண்டு வருஷமாகப் படத்தைப் பார்த்தால் பெயரைச் சொல்லாமல் மற்றதை எல்லாம் சொல்லிப் பழகிய வாய். எது பழக்கம், எது நஷ்டம் என்று அவளாலேயே பிரிக்க முடியவில்லை. அந்தப் பெண் சிரித்துச் சிரித்து முட்டை போட்டாள். அப்புறம் பார்த்த படங்களை ஞாபகத்தில் வைத்து வரையச் சொன்னாள். கேத்தா ஒன்றுவிடாமல் வரைந்தாள். கடைசியில் ஒரு கேள்வித்தாள். கடந்த நாலு வாரத்தில் வலிப்புக்குப் பயந்தது எத்தனை தடவை? இல்லவே இல்லை. வெளியே போகத் தயங்கியது? இல்லவே இல்லை. கோபம் வந்தது? எப்போதும், அடிக்கடி, சிலசமயம், இல்லை.

"எப்போதுங்கறதுக்கு மேல ஒரு கட்டம் கிடையாதா?" என்று கேட்டாள் கேத்தா.

காகிதம் இரண்டு பக்கம். முதல் பக்கத்தில் இருபத்தெட்டு. இரண்டாம் பக்கத்தில் 'படங்களை நினைவில் வைத்தல்: வயதுக்கு மிக அதிகம்.' ஃபைலை தெஞ்சா வைத்துக்கொண்டாள். திரும்பும் வழியில் பஸ் ஸ்டாண்டு கழிப்பறைக்குள் ஃபைலோடு போனாள். நெடுநேரம் கழித்து வந்தாள். வந்து கேத்தாவின் தலையைத் தடவிக்கொடுத்தாள்.

போட்டோவில் முதல் பக்கம் மட்டும்தான் இருந்தது.

திருவிழா கமிட்டித் தலைவர் தோன் ஃபிலெமோன் கேஸ் சிலிண்டர் ஏஜென்ட். உருவமும் சிலிண்டர்தான். ஆம்பிளைக்குத் தோன், பொம்பளைக்குத் தோன்யா, அது பேட்டை மரியாதை. அவர் கூட்டம் கூட்டினார்.

"தோன்யா கேத்தா, நாற்காலி வேணும்னு கேக்கறீங்க. நியாயம்தான். ஆனா அந்தக் காகிதம்..."

தெஞ்சா முந்திக்கொண்டாள். "எவன் அனுப்பினானோ, அவன் கை அழுகிப்போக! ஆனா என் கொமாத்ரே மேல இருக்கற பாசத்துல சொல்றேன். சனங்க முன்னால நின்னு வார்த்தை வராம அவங்க முழிச்சா, என் மனசு தாங்காது. ஐம்பத்துநாலு சீட்டையும் இங்கயே காட்டுங்க. பேரச் சொல்லட்டும். சொல்லிட்டா நானே நாற்காலியத் துடைச்சுக் குடுக்கறேன்."

"என் மேல எவ்ளோ அக்கறை!" என்றாள் கேத்தா. "ஆனா கொமாத்ரே, பேரு சொல்றது என் வேலையா? நம்ம கூடாரத்துல கூவறவ எப்ப பேரச் சொன்னா? நீங்க வந்து ஆஜர் எடுக்க ஆரம்பிச்சப்பறம்தானே?"

யாரோ பின்னால் களுக்கென்று சிரித்தார்கள். ஃபிலெமோன் வயிற்றைத் தடவினார். உள்ளபடியே அவருக்கும் மூன்று வருஷமாகக் கூடாரம் சப்பென்று இருப்பது தெரியும். பாதிப்பேர் போனைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள்.

"சரி. முதல் நாள் மத்தியானம் முதல் ஆட்டத்த தோன்யா கேத்தா கூவட்டும். தடுமாறினா, அதோட முடிஞ்சுது. தோன்யா தெஞ்சா, நீங்க ஆட வந்து உக்காருங்க. சரிதானே?"

"உக்காராம?" என்றாள் தெஞ்சா. "என் ஒன்பதாம் நம்பர் அட்டைய எடுத்து வைங்க."

இங்கேதான் தெஞ்சா தப்புப் பண்ணினாள். முப்பது வருஷமாக அவளுக்கு ராசி ஒன்பதாம் நம்பர்தான். வேறு அட்டையைத் தொடமாட்டாள். ஒன்பதாம் நம்பரில் என்னென்ன படம், எந்த மூலையில் என்ன என்பது கேத்தாவின் தலைக்குள் இருந்தது. கத்தி அந்தப் பக்கம் போகவில்லை.

மூன்று நாள் கேத்தா சமையல் மேஜையில் சீட்டுக்களைப் பரப்பி அடுக்கிக் கலைத்து அடுக்கினாள். நயேலி வேலைக்குக் கிளம்பும்போது எட்டிப் பார்த்தாள்.

"அம்மா, இது என்ன? ஏமாத்து வேலையா?"

"அவ எனக்குப் பரீட்சை வைக்கறால்ல? கேள்வித்தாள நானே எழுதிக்கறேன்."

"தெஞ்சா ஞானம்மாவ தோக்கடிக்கப் போறியா?"

"சே சே. என் கொமாத்ரேய நான் தோக்கடிப்பேனா? ஜெயிக்க வைக்கப் போறேன்."

கேத்தா சிரித்தாள். அந்தச் சிரிப்பை அம்மா முகத்தில் பார்த்து மூன்று வருஷம் ஆகியிருந்தது. நயேலி சீட்டு கலையாமல் கதவைச் சாத்திக்கொண்டு வேலைக்குப் போனாள்.

திருவிழா முதல் நாள், மத்தியானம் நாலு மணி, நல்ல வெயில். கூடாரம் நிரம்பி வெளியே நின்றார்கள். கேத்தா விழுவாள் என்று பார்க்க வந்தவர்கள் பாதி, விழமாட்டாள் என்று பார்க்க வந்தவர்கள் மீதி. முதல் பரிசு மேஜை மேல் பளபளத்தது: பெரிய பிரஷர் குக்கர். தெஞ்சா பச்சை ரவிக்கை போட்டுக்கொண்டு முன்வரிசையில் உட்கார்ந்தாள். ஃபிலெமோன் முறைப்படி சீட்டுக்கட்டை வெட்டினார். கேத்தா வெட்டிய பாதியை எடுத்து, பேசிக்கொண்டே, பழைய இடத்திலேயே வைத்தாள். டாக்டர்கள் வார்த்தையைத்தான் தொட்டார்கள், விரலைத் தொடவில்லை.

முதல் சீட்டை எடுத்தாள். பார்த்தாள். பெயர் வரவில்லை. தெஞ்சாவின் வாயோரம் லேசாக விரிந்தது.

"வெயில் அடிக்கறப்ப கூடவே வரும், கையக் கோத்துக்கும்!" என்று கேத்தாவின் குரல் எழும்பியது. "மழை கொட்டறப்ப பாரு, பஸ்ஸுல யார் கூடவோ போயிருக்கும்!"

"குடை!" என்று கத்தியது கூட்டம். தெஞ்சாவின் அட்டையில் குடை இருந்தது. விதை வைத்தாள்.

"உள்ள ஒண்ணுமில்ல, தட்டினா மூணு தெருவுக்குக் கேக்கும்! ஞாயித்துக்கிழமை பூசைல முதல் வரிசை!"

"தம்பட்டம்!" ஞாயிற்றுக்கிழமை முதல் வரிசையில் யார் உட்காருவார் என்று எல்லாருக்கும் தெரியும். நாலைந்து தலை திரும்பியது. தெஞ்சா சிரித்தாள். விதை வைத்தாள்.

"ரகசியம்னு சொல்லிக் குடுங்க, முதல் ரொட்டி வேகறதுக்குள்ள பேட்டைக்கே பாடமா ஒப்பிச்சுடும்! பச்சை உடுப்பு, அழகான மூக்கு!"

"கிளி!" இப்போது எல்லாத் தலையும் திரும்பியது. பேக்கரி வரிசை மேஜையைத் தட்டிச் சிரித்தது. தெஞ்சா பச்சை ரவிக்கையை இழுத்துவிட்டுக்கொண்டு, "என் கொமாத்ரேக்கு என்ன வாய்!" என்று சத்தமாகச் சிரித்தாள். கழுத்து சிவந்திருந்தது.

"அடுத்தவ தலைவலில தரைல கிடக்கறப்ப, குனிஞ்சு எடுத்துத் தன் தலைல வெச்சு அழகு பாக்கறது!"

"கிரீடம்!"

"குளிருதேன்னு செருப்புக்குள்ள இடம் குடுத்தேன். காலைல கால விட்டா கொட்டிட்டு, ஐயோ வலிக்குதான்னு அதுவே கேக்குது!"

"தேள்!"

நடுநடுவே வேறு சீட்டும் வந்தது. சேவலுக்குப் பாதிரியார் மாட்டினார், பீப்பாய்க்கு ஃபிலெமோன். அவர் குலுங்கிச் சிரித்தார். ஆனால் இரண்டுக்கு ஒன்று தெஞ்சாவின் பக்கமே பாய்ந்தது. ஒவ்வொரு தடவையும் அவள் அட்டையில் அந்தப் படம் இருந்தது. ஒவ்வொரு தடவையும் அவள் குத்தை வாங்கி, சிரித்து, விதையை எடுத்து அதன் மேல் தன் கையாலேயே வைக்க வேண்டியிருந்தது. பதினைந்து விதை. உதடு சிரித்த இடத்திலேயே காய்ந்து ஒட்டிக்கொண்டது.

பதினாறாவது படம் எது என்று கேத்தாவுக்கு அட்டையைப் பார்க்காமலே தெரியும். கீழ் வரிசை, வலது மூலை. அந்தச் சீட்டை எடுத்து, யாருக்கும் காட்டாமல், கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"பஸ்ஸுல என் தோளத் தாங்கினது," என்றாள். குரலை உயர்த்தவில்லை. கூட்டம்தான் காதை நீட்டியது. "ஆஸ்பத்திரில என் ஃபைலத் தூக்கினது. பஸ் ஸ்டாண்டு கக்கூஸுக்குள்ள போயி ரெண்டு பக்கத்துல ஒரு பக்கத்த மட்டும் போட்டோ புடிச்சது. வெளிய வந்து என் தலையத் தடவினது. ஓரத்துல ஒரு நகம் பிளந்திருக்கு, பக்கத்துல பூசணி விதையாட்டம் ஒரு தழும்பு. யாருக்காவது சந்தேகம்னா போனத் திறந்து பாத்துக்கலாம்."

கத்த வேண்டிய கூட்டம் கத்தவில்லை. நூறு போன் திறந்த வெளிச்சம்தான் தெரிந்தது. பிறகு பின்வரிசையில் ஒரு கிழவர், விவரம் புரியாமல், சந்தோஷமாகச் சொன்னார்:

"கை!"

தெஞ்சா அசையவில்லை. விதை அவள் விரல்களுக்கு நடுவே இருந்தது. அந்தக் கட்டைவிரல் உள்ளங்கைக்குள் மடங்கி ஒளியப் பார்த்தது. பக்கத்தில் இருந்த ரொட்டிக்காரி அவள் அட்டையை எட்டிப் பார்த்தாள்.

"ஏ தோன்யா தெஞ்சா! உங்ககிட்ட கை இருக்கே! வைங்க! நிரம்பிடுச்சு! கத்துங்க!"

"கத்துங்க! கத்துங்க!" என்றது கூடாரம்.

கோபப்பட்டு எழுந்தால் நாற்காலி போச்சு. வைக்காமல் மறைத்தால், அந்தக் கை தன்னுடையது என்று ஒப்புக்கொண்டதாகிவிடும். வைத்தாலும் அதேதான். தெஞ்சா விதையை வைத்தாள்.

"புவேனாஸ்," என்றாள். வாய்க்குள்ளேயே.

"கேக்கலையே!" என்றார் ஃபிலெமோன்.

"புவேனாஸ்!"

ஜெயித்தவர் அட்டையோடு மேஜைக்கு வந்து நிற்க வேண்டும். விதையை ஒவ்வொன்றாக எடுக்க எடுக்க, கூவியவர் அந்தச் சீட்டை மறுபடி கூவிச் சரிபார்க்க வேண்டும். கூடாரத்தின் சட்டம் இது. தெஞ்சாவே முப்பது வருஷம் இதைக் கைதட்டிப் பார்த்தவள். இப்போது நூற்றுக்கணக்கான கண்ணுக்கு முன்னால், கேத்தாவின் நாற்காலிக்கு எதிரே நின்றாள்.

"அவசரமில்ல கொமாத்ரே, நிதானமா எடுங்க," என்றாள் கேத்தா. "முதல்ல இருந்து. வெயில் அடிக்கறப்ப கூடவே வரும், கையக் கோத்துக்கும்..."

இந்தத் தடவை கூட்டமும் சேர்ந்து பாடியது. பதினைந்தையும். கடைசி விதைக்கு மட்டும் கேத்தா வாயைத் திறக்கவில்லை. தெஞ்சாவின் கையைப் பார்த்தாள், கூட்டமும் பார்த்தது, சரிபார்ப்பு முடிந்தது.

"நாற்காலி தோன்யா கேத்தாவுக்குத்தான்," என்றார் ஃபிலெமோன், யாரும் கேட்காமலே.

கேத்தா எழுந்து பரிசை இரண்டு கையாலும் தூக்கினாள். கனமாக இருந்தது. பீன்ஸ் வேகவைப்பது, ஆவி சீறுவது, மூடி திறக்கப் பயப்படுவது எல்லாம் அவளுக்குத் தெரியும். தனியாக அடுப்பு மூட்டிய முதல் நாள் இது மாதிரி ஒன்றில்தான் சமைத்தாள். பெயர் மட்டும் படி வழுக்கிக் கீழே போய்விட்டது. நிஜமாகவே போய்விட்டது. இந்தத் தடவை பழக்கம் இல்லை என்று அவளுக்குத் தெரிந்தது.

முழிக்கவில்லை. தெஞ்சாவின் கண்ணைப் பார்த்துச் சிரித்தாள்.

"ஐம்பத்துநாலு சீட்டுக்கும் என்னைப் பேரு சொல்லச் சொன்னீங்களே கொமாத்ரே. நீங்க ஒண்ணே ஒண்ணு சொல்லிட்டு வாங்கிக்குங்க. இதுக்கு என்ன பேரு?"

"குக்கர்," என்றாள் தெஞ்சா.

"நல்லா சத்தமா. பின்னால கேக்கல."

"பிரஷர் குக்கர்!"

"பரவால்லையே," என்று கேத்தா அதை அவள் கையில் வைத்தாள், அந்தக் கட்டைவிரல் மேலே தெரியும்படி. "ஒண்ணுக்கு ஒண்ணு. முழு மார்க்கு."

பிறகு உட்கார்ந்து, கட்டைக் கலைத்து, இந்தத் தடவை நேர்மையாகவே கலைத்து, ஃபிலெமோனிடம் வெட்ட நீட்டினாள்.